பாம்புக்குக் காது கேட்குமா, கேட்காதா?

நத்தைக்கூடு:
பாம்புக்குக் காதே கிடையாது, தரை அதிர்வை மட்டும்தான் உணரும் என்று பள்ளியில் படித்தேன். ஆனால் கூர்மையாகக் கேட்பவரைப் பாம்புச் செவி என்கிறோம், பாம்புக்குக் கட்செவி, அதாவது கண்ணே காதானது, என்றே ஒரு பழைய பெயரும் இருக்கிறது. எது சரி? நாம் கத்தினால் அதற்குக் கேட்குமா, காலைத் தட்டி நடந்தால்தான் தெரியுமா?

வேர்முடிச்சு:
கண்ணால் கேட்பதில்லை, முழுச் செவிடும் இல்லை. வெளிக்காதும் செவிப்பறையும்தான் கிடையாது, உட்செவி நன்றாகவே இருக்கிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய எலும்பு கிளம்பி, கீழ்த்தாடை மாட்டியிருக்கும் எலும்போடு சேர்கிறது. தாடையைத் தரையில் வைத்துக் கிடக்கும்போது நிலத்தின் அதிர்வு தாடையை ஆட்டும், அந்த ஆட்டம் இந்த எலும்பு வழியாக உட்செவிக்குப் போய்விடும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம், இடது வலது கீழ்த்தாடைகள் முன்பக்கம் எலும்பாக ஒட்டியிருக்காது, பெரிய இரையை விழுங்கத் தோதாகப் பிரிந்தே இருக்கும். அதனால் இரண்டும் தனித்தனியாக அதிரலாம், அதை வைத்து இரை எந்தப் பக்கம் என்று திசை பிடிக்கவும் முடியும் என 2008இல் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மணலில் அதிர்வு, காற்றில் ஒலி போவதைவிட மிக மெதுவாகப் போகும், ஆகவே இரண்டு தாடைக்கும் வந்துசேரும் நேர வித்தியாசம் அதற்குப் போதுமானது.

தூக்கணாங்கூடு:
தாடையோடு நிறுத்திவிடாதீர்கள், காற்றில் வரும் ஒலியும் கேட்கும். 2012இல் பந்து மலைப்பாம்புகளின் நரம்புச் சமிக்ஞையை அளந்து பார்த்ததில் 80 முதல் 160 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) வரையான ஒலி அவற்றுக்கு மிக நன்றாகப் பிடிபட்டது. ஒலி மண்டையோட்டையே லேசாக அதிரவைக்கிறது, உட்செவி அதைத்தான் உணர்கிறது. நாம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறோம், பாம்புக்குச் சில நூறு ஹெர்ட்ஸைத் தாண்டினாலே மங்கிவிடும். கிலுகிலுப்பைப் பாம்பு வாலை ஆட்டி எழுப்பும் சத்தத்தில் பெரும்பகுதி 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல், ஆக ஊரையே மிரட்டும் அந்தச் சத்தம் அதற்கே சரியாகக் கேட்காது!

நத்தைக்கூடு:
சரி, அப்போது கத்தினால்?

தூக்கணாங்கூடு:
ஆண்குரலின் அடித்தொனி ஏறக்குறைய அந்த 80–160க்குள்தான் வரும், உரக்கக் கத்தினால் கேட்க வாய்ப்பு உண்டு. மெதுவான பேச்சு சந்தேகம்தான். ஆனால் கேட்டதும் ஓடிவிடும் என்று நினைக்காதீர்கள். 2023இல் ஆஸ்திரேலியாவில் 19 பாம்புகளுக்கு ஒலி போட்டுப் பார்த்தார்கள். தைப்பான், பழுப்புப் பாம்பு போன்றவை விலகிப் போயின, வோமா மலைப்பாம்போ ஒலி வந்த பக்கமே நகர்ந்தது.

வேர்முடிச்சு:
காலைத் தட்டி நடப்பதற்கும் இதே கதைதான். பதுங்கி வேட்டையாடும் விரியன் வகைகள் அதிர்வை உணர்ந்தாலும் அசையாமல் கிடக்கும், அதுதான் அவற்றின் தற்காப்பு. தட்டி நடங்கள், தப்பில்லை, ஆனால் இருட்டில் டார்ச் அடித்து, கால் வைக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வையுங்கள்.