உணர்த்து விளக்கு: பழுது விளக்கா, விளக்குப் பழுதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மோட்டார் பழுதுநீக்கல் கையேட்டுக்காக மீட்டர் போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்குகளுக்கு ஒரு சொல் கேட்டிருந்தேன். 'பழுது விளக்கு', 'குறிகாட்டி', 'எச்சரிக்கை விளக்கு' என்று மூன்று வந்தன. எழுதிய எல்லோருக்கும் நன்றி. மூன்றையும் பாடத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் 'பழுது விளக்கு'. சின்னச் சொல், வாயில் நன்றாக வருகிறது. ஆனால் விரித்தால் பழுதைக் காட்டும் விளக்கு என்றும் வரும், பழுதான விளக்கு என்றும் வரும். வேறு பாடமாக இருந்தால் இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். என் பாடமே 'விளக்கு எரிகிறதே, கோளாறு வண்டியிலா விளக்கிலா' என்பதுதான். அங்கே இந்தச் சொல் காலை வாரிவிடுகிறது.

'குறிகாட்டி' அகராதிப்படி சரி. ஆனால் நம் ஊரில் இண்டிகேட்டர் என்றால் வண்டி திரும்பும்போது போடுகிற விளக்கு. என் வகுப்புப் பையன்களுக்கு அதுதான் நினைவுக்கு வரும். வண்டிகளில் வரும் சின்னங்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 2575-உம் இண்டிகேட்டரையும் டெல்டேலையும் தனித்தனியாகத்தான் வைக்கிறது. நமக்கு வேண்டியது டெல்டேல், அதாவது வண்டியின் நிலையை ஒளிர்ந்து சொல்லும் விளக்கு; ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கோள் சொல்பவர் என்றும் பொருள். அதை அப்படியே 'கோள்சொல்லி' என்று ஆக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் வழக்கில் கோள் என்பது இல்லாததையும் சேர்த்துச் சொல்வது.

'எச்சரிக்கை விளக்கு' சிவப்புக்கும் மஞ்சளுக்கும் பொருந்தும். ஹைபீம் போட்டால் எரியும் நீல விளக்கு யாரை எச்சரிக்கிறது? ஆகவே இதைத் துணைச்சொல்லாக வைத்துக்கொள்ளலாம், பொதுச்சொல் ஆக்க முடியாது.

நான் முன்வைப்பது 'உணர்த்து விளக்கு'. சென்சாருக்கு 'உணரி' என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. உணர்வது தன்வினை, உணர்த்துவது பிறவினை. உணரி உணர்கிறது, விளக்கு ஓட்டுநருக்கு உணர்த்துகிறது, நடுவில் ஒரு கம்பி ஓடுகிறது. கோளாறு இந்த மூன்றில் எங்கே என்று தேடுவதுதான் வேலை; அந்த வேலையின் வரைபடமே இந்தச் சொற்களில் இருக்கிறது. 'உணர்த்தி' என்று சுருக்கலாமே என்றால், வகுப்பில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், உணரியோடு குழம்புகிறது. 'விளக்கு' இருக்கட்டும்.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். பழைய கார் ஒன்றில் இன்ஜின் ஓடும்போதும் ஆயில் விளக்கு அணையவில்லை. உடனே இன்ஜினை நிறுத்தினோம். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) அளவு சரியாக இருந்தது. சாவியை மட்டும் போட்டு, ஆயில் அழுத்தம் குறைந்தால் விளக்கைப் போடும் உணரியான ஆயில் பிரஷர் சுவிட்சிலிருந்து கம்பியைக் கழற்றினோம், விளக்கு அணைந்தது. அணையாமல் இருந்திருந்தால் கம்பி எங்கோ உரசி, வண்டியின் உலோக உடலில் பட்டு எர்த் ஆகிறது என்று பொருள். அணைந்ததால் கம்பி நல்ல கம்பி. மீதி இரண்டே வாய்ப்பு: சுவிட்ச் போயிருக்கலாம், அல்லது அழுத்தம் உண்மையிலேயே குறைவாக இருக்கலாம். சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தமானியை மாட்டிப் பார்த்தோம். அழுத்தம் சரியாக இருந்தது; ஆக, பழுது சுவிட்சில்தான். "அப்போ லைட்டு பொய் சொல்லியிருக்கு சார்" என்றான் ஒரு மாணவன். கோளாறு இல்லாமலே விளக்கு ஒளிர்வதற்கு 'பொய்யொளிர்வு' என்ற சொல் அவன் கொடுத்தது.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது: கோளாறு இருந்தும் விளக்கு வராமல் இருப்பது. 'ஊமை விளக்கு' என்று முதலில் எழுதினேன். ஒரு மனிதரின் உடல்நிலையைக் குறிக்கும் சொல்லைப் பழுதுக்குப் பெயராக வைக்க மனம் ஒப்பவில்லை, அடித்துவிட்டேன். 'ஒளிராப் பிழை' என்று வைத்திருக்கிறேன். சாவி போட்டதும் ஆயில், சார்ஜ், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) போன்ற விளக்குகள் ஒருமுறை எரிந்து காட்டுகின்றனவே, அதற்குத் 'தொடக்க ஒளிர்வு'. பழைய வண்டி வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பல்பையே கழற்றிவிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பழைய கார்கள் பலவற்றில் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் வேலையைத் தொடங்கத் தேவையான சிறு மின்னோட்டம் சார்ஜ் விளக்கின் வழியாகத்தான் போகும். அந்த பல்பு போனால் பேட்டரியே சார்ஜ் ஆகாமல் போகலாம். உணர்த்துகிற விளக்கின் பழுதே வண்டியின் பழுதாகிவிடும் இடம் அது. அதைக் கையேட்டில் தனியாக எழுதுகிறேன்.

இன்னொன்று. 'எரிந்தது' என்ற வினையைக் கையேட்டில் தவிர்க்கப் போகிறேன். "பல்பு எரிந்துவிட்டது" என்றால் ஒளி வந்ததா, பல்பு போய்விட்டதா? பேச்சில் கவலை இல்லை, பழுது பார்க்கும் குறிப்பில் ஆகாது. 'ஒளிர்ந்தது', 'பல்பு போனது' என்று பிரித்துவிடலாம்.

ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். செக் இன்ஜின் விளக்கு விடாமல் ஒளிர்ந்தால் வண்டியின் கணினியில் பிழைக்குறி பதிவாகியிருக்கிறது என்று பொருள். விட்டுவிட்டு ஒளிர்ந்தால் பெரும்பாலும் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை, அப்படியே ஓட்டினால் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடும். இப்படிக் கணினி வேண்டுமென்றே செய்வதைச் 'சிமிட்டல்' எனலாம். லூஸ் காண்டாக்டால் தாறுமாறாக வந்து வந்து போவதற்கு வேறு சொல் வேண்டும். 'மினுங்கல்' என்றால் அழகாக ஒளிர்வதுபோல் ஆகிவிடுகிறது. உங்கள் ஊர்ப் பட்டறையில் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.