ஹிப்பிகளால் உருப்படியாக ஏதாவது நடந்ததா?

வெண்ணிலவன்:
அறுபதுகளின் சான் பிரான்சிஸ்கோ ஹிப்பிகள் பற்றி ஒரு தொடர் பார்த்து முடித்தேன். நீள முடி, எல்எஸ்டி என்ற போதை மருந்து, கிடார், அப்புறம் சுவரில் ஒரு புத்தர் படம். இவ்வளவுதானா? வசதியான வீட்டுப் பிள்ளைகள் கொஞ்ச காலம் ஆடிவிட்டு வீடு திரும்பிய கதை மாதிரித்தான் எனக்குப் படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓக்லாந்து மலர்:
திரும்பிப் போனவர்கள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. நான் இருப்பது பக்கத்து ஊர்தான். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஹிப்பிகள் கூடிய ஹைட்-ஆஷ்பரி பகுதியைக் காட்டச் சொல்வார்கள். கலர் கலராகச் சாயம் போட்ட பனியன் கடைகள், கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு குடியிருந்த 710 ஆஷ்பரி வாசலில் ஒரு செல்ஃபி. அது முடிந்ததும் கிளேட்டன் தெரு 558-க்குக் கூட்டிப் போவேன். டேவிட் ஸ்மித் என்ற இளம் டாக்டர் 1967 ஜூன் 7 அன்று இலவச கிளினிக் திறந்த இடம் அது.

அந்தக் கோடையில் நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். வெறுங்கால் புண், பால்வினை நோய், எல்எஸ்டி தலைக்கேறி அலறுகிறவர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக போலீஸ் பயம். இங்கே அமைதியான ஓர் அறையில் உட்காரவைத்து, ஒருவர் பக்கத்திலேயே இருந்து, பேசிப் பேசியே பயத்தை இறக்குவார்கள். மருத்துவம் சலுகை அல்ல, உரிமை என்பதுதான் அவர்கள் கொள்கை. அமெரிக்காவில் பின்னால் வந்த பல இலவச கிளினிக்குகளுக்கு இதுதான் முன்மாதிரி.

சின்னமனூரான்:
மருந்து கொடுத்தது சரி. நோயைக் கொண்டுவந்ததும் அவர்கள்தானே? கொஞ்ச நாளிலேயே அதே தெருவில் ஹெராயின், மெத் என்ற போதைகளும் ஊசியில் ஏறின.

ஓக்லாந்து மலர்:
ஏறின. அந்தத் தெருக்காரர்களுக்கே வெறுத்துப்போய்விட்டது. கலிஃபோர்னியா எல்எஸ்டியைத் தடைசெய்து சரியாக ஒரு வருடம் கழித்து, 1967 அக்டோபர் 6 அன்று, சவப்பெட்டி தூக்கி 'ஹிப்பியின் மரணம்' என்று ஊர்வலமே நடத்தினார்கள். பத்திரிகைகள் கட்டிவிட்ட ஹிப்பி செத்தாயிற்று, இனி இங்கே வராதீர்கள், அவரவர் ஊரில் செய்யுங்கள் என்றார்கள்.

டிக்கர்ஸ் என்ற கூட்டத்தையும் சொல்ல வேண்டும். 1966 இலையுதிர் காலத்திலிருந்து பான்ஹேண்டில் பூங்காவில் சாயங்காலம் இலவசச் சாப்பாடு போட்டார்கள். ஒரு பெரிய மரச்சட்டத்தை நிறுத்திவைத்து, அதற்குள் நுழைந்து வந்துதான் சூப் வாங்க வேண்டும். காபி டின்னில் சுட்ட கோதுமை ரொட்டி, விளிம்பைத் தாண்டிக் காளான் மாதிரிப் பொங்கி நிற்கும். ஆனால் சந்தையில் மிஞ்சிய காய்கறியைக் கேட்டு வாங்கி வந்து, நறுக்கி, சமைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். சுதந்திரம் பற்றிப் பேசிப் பெயர் வாங்கியது ஆண்கள். எனக்கு ஹெராயினைவிட இதில்தான் ஆத்திரம்.

கோவை ராகவ்:
ஒரு துணுக்கு: 1969 ஆகஸ்ட் 15 அன்று உட்ஸ்டாக் இசை விழாவில் தொடக்க உரை ஆற்றிய சுவாமி சச்சிதானந்தா நம்ம செட்டிபாளையத்துக்காரர். அத்தனை புகைக்கு நடுவே பேசியவர், போதை வேண்டாம், யோகா செய் என்கிற கட்சி!

வெண்ணிலவன்:
நன்றி மலர் அக்கா. அந்த டின் ரொட்டியை வீட்டில் செய்து பார்க்கலாமா?

ஓக்லாந்து மலர்:
தாராளமாக. ஆனால் இப்போது வரும் டின்களில் உள்ளே பூச்சு இருக்கும், அதை ஓவன் அடுப்பில் வைக்காதீர்கள். சாதாரண ரொட்டி டின் போதும். எண்ணெய் தடவி, மாவைப் பாதி அளவு மட்டும் போடுங்கள்.