எண்பதுகள் ராக் கச்சேரி கேசட்டுகள்: பூஞ்சை பிடிச்சிருக்கு, கம்ப்யூட்டர்ல ஏத்துறது எப்பிடி?

கோட்டாறு_கிதார்:
நாகர்கோவில் பக்கம் காலேஜ் விழாவுலயும் கிறிஸ்மஸ் மேடையிலயும் பசங்க வாசிச்ச இங்கிலீஷ் ராக் கச்சேரிகள், டூ-இன்-ஒன் (ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி) மைக்ல பிடிச்சது, ஒரு ட்ரங்குப் பெட்டி நிறைய கெடக்கு. கூடவே டீப் பர்ப்பிள், சந்தானா, பிங்க் ஃபிளாய்ட்னு பேனாவால எழுதின காப்பி கேசட்டுகளும். பாதிக்கு மேல டேப் ஓரத்துல வெள்ளையா பூத்திருக்கு. சிலதுல சத்தம் போர்வை போட்ட மாதிரி மந்தம். ஒண்ணுல போகப் போக சுதி ஏறுது. ஆன்லைன்ல சின்னதா யூஎஸ்பி கேசட் பிளேயர் விக்குதே, அது போதுமா? இரைச்சல் எடுக்க எந்த சாஃப்ட்வேர் நல்லது?

தக்கலை_டேப்டெக்:
சாஃப்ட்வேர் கதை கடைசில. பூத்த கேசட்டை இப்பிடியே எந்த டெக்லயும் (கேசட் ஓட்டுற மெஷின்) போட்ராதீங்க. பூஞ்சை ஹெட்லயும் (டேப்பைப் படிக்கிற முனை) பிஞ்ச் ரோலர்லயும் (டேப்பை அழுத்தி ஓட்டுற ரப்பர் உருளை) ஒட்டி அடுத்த கேசட்டுக்குப் போகும்.

முதல்ல பெட்டியை ரெண்டாப் பிரிங்க. டீப் பர்ப்பிள் 1972 ஆகஸ்ட்ல ஒசாகாவுலயும் டோக்கியோவுலயும் வாசிச்சது, 1971 ஆகஸ்ட் 1 அன்னைக்கு ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் மாடிசன் ஸ்கொயர் கார்டன்ல நடத்தின பங்களாதேஷ் கச்சேரி, இதெல்லாம் இன்னைக்கும் சுத்தமா காசு கொடுத்து வாங்கக் கிடைக்கும். அதோட மூணாம் காப்பிக்கு நேரம் செலவழிக்காண்டாம். உள்ளூர் மேடையில பிடிச்சது மட்டும்தான் உலகத்துல வேற எங்கயும் இல்லாதது. வேலை அதுல தொடங்கட்டும்.

பூஞ்சைக்கு: காத்துப் புகாத டப்பால, பத்து லிட்டருக்குக் கால் கிலோ கணக்குல ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் போட்டு, கேசட்டை உறையில இருந்து எடுத்து ஒரு வாரம் மூடி வைங்க. ஜெல் பச்சையானா மாத்துங்க. வெயில்ல காய வைக்கக் கூடாது. ஓடு வளையும், டேப் சுருங்கும். காஞ்ச பூஞ்சை பொடியா உதிரும். அதுக்கப்புறம் என்-95 மாஸ்க் போட்டு, வீட்டுக்கு வெளிய காத்தோட்டமான இடத்துல, ஆறுபட்டை பென்சிலைச் சக்கரத்துல மாட்டி மெல்லச் சுத்துங்க. டேப் வெளிய தெரியிற வாய்ப்பக்கம் பஞ்சு உதிராத மைக்ரோஃபைபர் துணியை லேசா ஒட்டினாப்ல பிடிக்கணும். அழுத்தினா டேப் இழுபடும். ஒரு சுத்து முடிய துணியோட புது இடம். தண்ணி, ஸ்பிரிட் எதுவும் டேப்ல தொடக் கூடாது.

நம்ம மாவட்டத்துல ரெண்டு மழையும் பெய்யுது, கடல் காத்து வேற. பிப்ரவரி, மார்ச்ல இந்த வேலையை வச்சுக்கிட்டா பாதிக் கஷ்டம் குறையும்.

கொளச்சல்_வால்வு:
யூஎஸ்பி பிளேயர் வேண்டாம் மக்கா. அதுல மோட்டார் வேகம் ஆடும், ஹெட் கோணம் சரியில்லைன்னா திருத்த வழி கிடையாது. பழைய நல்ல டெக் ஒண்ணு தேடுங்க. டெக் வந்ததும் பெல்ட்டைப் பாருங்க. பழைய பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல புல்லி முழுக்கத் துடைச்சிட்டு, பெல்ட் போற வழியை நூலால அளந்து, அதைவிட 5 முதல் 8 சதவீதம் குறைஞ்ச சுற்றளவுல புது பெல்ட் போடுங்க. லூசா இருந்தா சுதி ஆடும், ரொம்ப இறுக்கினா மோட்டார் புஷ் தேயும்.

மந்தமா கேக்குறதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு கேசட்டுக்குள்ள இருக்கிற பிரஷர் பேட். செம்புத் தகட்டு மேல ஒட்டின சின்னப் பஞ்சு, பசை காஞ்சு விழுந்திருக்கும். அது இல்லாம டேப் ஹெட்ல படியாது; உச்ச ஸ்தாயி போயிரும், சத்தம் அலை மாதிரி ஏறி இறங்கும். அஞ்சு ஸ்குரூ வச்ச வேற கேசட் ஓட்டுக்கு டேப்பை மாத்துங்க (பழைய பிரசங்கக் கேசட் எல்லா வீட்டுலயும் கெடக்கும், யாருக்கும் வேணுமான்னு கேட்டுட்டு எடுங்க). ஸ்குரூ இல்லாம ஒட்டின ஓடுன்னா விளிம்புல பிளேடு வச்சு மெல்லப் பிளக்கணும். ரெண்டு சக்கரம், டேப் பாதை, ரெண்டு பக்க வழுக்குத் தாள், மூலை உருளைகள், எல்லாத்தையும் திறந்ததும் போட்டோ எடுத்துக்கிடுங்க. டேப் அறுந்திருந்தா செல்லோடேப் வேண்டவே வேண்டாம், அதோட பசை கசிஞ்சு அடுத்த சுத்தையும் ஒட்டிரும். கேசட் ஒட்டுறதுக்குன்னே ஸ்ப்ளைசிங் டேப் விக்குது, டேப்போட பின்பக்கம் மட்டும் ஒட்டணும்.

ரெண்டாவது, அசிமத், அதாவது டேப்புக்கு ஹெட் நிக்கிற கோணம். ரெக்கார்ட் பண்ணுன டூ-இன்-ஒன்னோட ஹெட் எந்தக் கோணத்துல நின்னுச்சோ, உங்க ஹெட்டும் அதே கோணத்துல நிக்கணும். ஹெட் பக்கத்துல ரெண்டு ஸ்குரூ இருக்கும், ஸ்பிரிங் உள்ளதுதான் அசிமத். பாட்டு ஓடுறப்ப கால் சுத்துக்கு மேல போகாம இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்க. சிம்பல்ஸ் (டிரம்ஸோட உலோகத் தட்டு) பளிச்சுன்னு கேக்கிற இடம்தான் சரி. ஒவ்வொரு கேசட்டுக்கும் திரும்பப் பண்ணணும், சலிப்பு வந்தாலும் வேற வழியில்ல. மோனோ ரெக்கார்டிங்னா இன்னும் துல்லியமா பிடிக்கலாம்: ஒரு சானலைத் தலைகீழாக்கி மத்ததோட கூட்டுங்க, பாட்டு கிட்டத்தட்ட காணாமப் போற இடத்துல நிறுத்துங்க. அப்புறம் பழையபடி வச்சுக்கிடலாம். மோனோவுல இன்னொரு லாபம், ஒரு சானல் கெட்டாலும் மத்தது முழுப்பாட்டையும் வச்சிருக்கும். இடது சானல்தான் டேப்போட வெளி விளிம்புல இருக்கும், அதனால விளிம்பு கசங்கினா முதல்ல அதுதான் போகும்.

ஹெட்டையும், டேப்பை ஓட்டுற கேப்ஸ்டன் கம்பியையும் ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்னாடி ஆல்கஹால் தொட்ட பட்ஸால துடைங்க. டால்பி (இரைச்சல் குறைக்கிற வசதி) பட்டன் ஆஃப்ல இருக்கட்டும். டூ-இன்-ஒன் ரெக்கார்டிங்ல டால்பி கிடையாது, போட்டா இருக்கிற பளிச்சும் போயிரும்.

கோட்டாறு_கிதார்:
லேப்டாப்ல ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கு, அதுல வயர் சொருகலாமா? சுதி ஏறுற கேசட்டுக்கு யாராவது சொல்லுங்க.

மார்த்தாண்டம்_பேஸ்:
அந்த ஓட்டை மோனோ மைக் இன்புட். டெக்கோட லைன் அவுட் சிக்னல் அதுல போனா சத்தம் கரகரத்து உடையும், ஒரு சானல் காணாமப் போகும். லைன் இன்புட் உள்ள யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்க. ஆடாசிட்டிங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட். உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லத் தாண்டக் கூடாது. ஒரு மணி நேரம் ஸ்டீரியோ ஏறக்குறைய 1 ஜிபி வரும். தரம் குறையாம சுருக்குற எஃப்எல்ஏசியா மாத்துனா கிட்டத்தட்ட பாதி. "உம்ம்"னு ஓசை வந்தா லேப்டாப் சார்ஜரைக் கழட்டிட்டு பேட்டரியில ஓட்டிப் பாருங்க, பெரும்பாலும் எர்த் லூப்தான் (ரெண்டு கருவியோட எர்த் வழியா கரண்ட் சுத்துறது).

சுதி ஏறுறது டேப் கோளாறு இல்ல. கச்சேரியில டூ-இன்-ஒன்னை டார்ச் பேட்டரியில ஓட்டியிருக்காங்க. பேட்டரி இறங்க இறங்க ரெக்கார்டிங் வேகம் குறையும். சரியான வேகத்துல நீங்க திரும்பப் போடுறப்ப கடைசிப் பாட்டு உசந்து நிக்கும். ஆடாசிட்டில ஸ்லைடிங் ஸ்ட்ரெச்ல தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனித்தனி அளவு கொடுத்துச் சரிக்கட்டலாம். அரை ஸ்வரம்னா வேகத்துல ஏறக்குறைய 6 சதவீதம். ஆனா எதோட ஒப்பிடுறதுன்னு யோசிங்க. ரெக்கார்டிங்ல விழுந்த மேடை ஹம்மை (கரண்ட் ஓசை) 50 ஹெர்ட்ஸ்னு எடுத்துக்கிடாதீங்க, தென்மண்டல மின்சாரம் அந்தக் காலத்துல 49-க்குக் கீழ அடிக்கடி போகும். ஜெனரேட்டர்னா கேக்கவே வேண்டாம். கிதாரும் நம்பகமில்ல. ராக் கிதார்காரர் ஹென்ட்ரிக்ஸைப் பாத்து அரை ஸ்வரம் இறக்கிக் கட்டுற பசங்க நிறைய. எலக்ட்ரானிக் கீபோர்டு இருந்தா அதோட ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸுக்கு வர்ற மாதிரி திருத்துங்க.

தக்கலை_டேப்டெக்:
இரைச்சல் விஷயம். நாய்ஸ் ரிடக்‌ஷன் 6 டெசிபெல்லுக்கு மேல போனா சிம்பல்ஸ் தண்ணிக்குள்ள அடிச்ச மாதிரி ஆகும். டிரம்ஸ் விழுந்ததும் பாட்டு அமுங்கி மெல்ல எழும்புதே, அது டூ-இன்-ஒன் தானாவே சத்த அளவை ஏத்தி இறக்குற ஆட்டோ லெவல், அதைப் பிரிக்க முடியாது. திருத்தாத மூலக் கோப்பை மட்டும் ரெண்டு வேற வேற டிஸ்க்ல வைங்க, திருத்தம் காப்பியில நடக்கட்டும்.

பாட்டுக்கு நடுவுல ட்யூனிங், விசில், "ஒன்ஸ் மோர்" கூச்சல், மைக்ல நன்கொடை அறிவிப்பு வருதா, வெட்டாதீங்க. அந்த வயசுப் பசங்க மேடைக்கு முன்னாடி எப்பிடி இருந்தாங்கங்கிறது பாட்டுல இல்ல, அங்கதான் இருக்கு. தேதி கண்டுபிடிக்கவும் அதுவே உதவும். டேப் கடைசில பழைய ரேடியோ ரெக்கார்டிங் மிச்சமிருந்தாலும் கேளுங்க: நாகர்கோவில் வானொலி நிலைய அறிவிப்பு வந்தா 1984 அக்டோபருக்கு அப்புறம் பிடிச்சது, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்னு சொன்னா 1967 ஜனவரிக்கு அப்புறம். ஆனா அது மிச்சப் பகுதியோட தேதி மட்டும்தான். அதுக்கு மேல அடிச்ச கச்சேரி அதைவிடப் பிந்தினது.

கொளச்சல்_வால்வு:
ஒண்ணு விட்டுப்போச்சு. டெக்ல போடுறதுக்கு முன்னாடி கேசட் மேல்பக்கத்து ரெண்டு சின்னக் காதையும் ஒடிச்சிருங்க. இல்லன்னா கை தவறி ரெக்கார்ட் பட்டன் பட்டா அந்த இடம் அழிஞ்சிரும்.