ஹோம்போர்ட்டுக்கு 'ஏறுதுறை' சரிவருமா?

குழு அன்பர்களுக்கு வணக்கம். உல்லாசக் கப்பல்களின் 'ஹோம்போர்ட்' (home port) என்ற சொல்லுக்குத் தமிழ் தேடிக்கொண்டிருக்கிறோம்; என் பரிந்துரை 'ஏறுதுறை'.

> தாய்த்துறைமுகம் என்று போட்டுவிட்டுப் போகலாமே, இதற்கு ஏன் இத்தனை மடல்?

கோலாலம்பூர் அண்ணன் கேட்பது நியாயம்தான். ஆனால் 'தாய்' என்றதும் கப்பல் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்ற பக்கம் மனம் போய்விடுகிறது. உல்லாசக் கப்பல்கள் பலவற்றின் பின்புறத்தில் நசாவ் என்றோ பனாமா என்றோ எழுதியிருக்கும். அது பதிவு செய்த ஊர். ஹோம்போர்ட் என்பது பயணச் சுற்று தொடங்கி முடிகிற ஊர். சூப்பர்ஸ்டார் லிப்ரா என்ற உல்லாசக் கப்பல் சில காலம் பினாங்கை வைத்து ஓடியது. அப்போது அதற்கு இதுதான் ஹோம்போர்ட். நிறுவனம் நினைத்தால் அடுத்த பருவத்துக்கே ஊரை மாற்றிவிடும். தாயை அப்படி மாற்ற முடியுமா? 'இல்லத் துறைமுகம்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு முதியோர் இல்லம்தான் ஞாபகத்துக்கு வந்தது, மன்னிக்கவும்.

ஒரு துறைமுகத்தைக் கப்பல் நிறுவனம் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது என்று யோசித்தால் சொல் தானாக வரும். பினாங்கில் கப்பல்கள் வந்து நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையில் காலையில் நின்று பாருங்கள். சும்மா வந்துபோகும் கப்பலென்றால், பயணிகள் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாக இறங்கி, மணிக்கூண்டைத் தாண்டி லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடுவார்கள். மாலையில் கப்பல் போய்விடும். அதற்கு ஊர் அழகாக இருந்தால் போதும். பினாங்கின் ஜார்ஜ் டவுனுக்கு அதில் குறையே இல்லை.

இங்கிருந்தே புறப்படும் கப்பலென்றால் கதை வேறு. பழைய பயணிகள் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வர, புதியவர்கள் பெட்டியோடு உள்ளே போக வேண்டும். இடையில் உள்ள சில மணி நேரத்தில் அறைகளைத் துடைத்து, படுக்கை மாற்றி, குப்பையை இறக்கி, முட்டைகோஸும் கோழியும் முட்டையும் லோரி லோரியாக ஏற்றி, எண்ணெயும் நல்ல தண்ணீரும் நிரப்பியாக வேண்டும். குடிநுழைவு வரிசை ஒரு மணி நேரம் தேங்கினால் எல்லாமே தள்ளிப்போகும்.

ஆகவே கப்பல் நிறுவனங்கள் முதலில் கேட்பது விமானத்தைப் பற்றித்தான். பல நாடுகளிலிருந்து நேரடி விமானம் உண்டா, முந்தின நாளே வந்து தங்க ஹோட்டல் அறை கிடைக்குமா? சிங்கப்பூர் இதில் முந்திக்கொள்வது சாங்கி விமான நிலையத்தால்தான். பினாங்குக்கு பாயான் லெப்பாஸ் விமான நிலையம் பக்கம்; ஆனால் நெடுந்தொலைவு நேரடி விமானங்கள் குறைவு. கிள்ளானுக்கு கோலாலம்பூர் கூட்டம் இருக்கிறது, ஆனால் கப்பல் முனையம் இருப்பது பூலாவ் இண்டா தீவில். இறங்கி நடந்து பார்க்க ஒன்றுமில்லை. கப்பல் வந்து நிற்கும் மேடையின் நீளமும் கணக்கில் உண்டு: 400 மீட்டராக இருந்த ஸ்வெட்டன்ஹாமை 688 மீட்டராக நீட்டியதே, 300 மீட்டருக்கு மேற்பட்ட இரண்டு கப்பல்களை ஒரே நேரத்தில் கட்டி நிறுத்தத்தான். அப்புறம் ஓர் இரவுப் பயணத்தில் அடுத்த ஊர் வேண்டும். லங்காவி, புக்கெட் என்று பினாங்குக்கு அந்த யோகம் உண்டு.

இதில் திரும்பத் திரும்ப வரும் வினை 'ஏறு'. ஆள் ஏறுகிறது, அரிசி ஏறுகிறது, எண்ணெய் ஏறுகிறது. இலங்கையில் படகுத்துறையை இறங்குதுறை என்று சொல்லிப் பழகியிருக்கிறார்கள். அதே வார்ப்பில் ஹோம்போர்ட்டுக்கு ஏறுதுறை. வந்துபோகும் ஊருக்குத் தொடுதுறை.

> ஏறுதுறை என்றால் பட்டர்வொர்த் ஃபெரியில் ஏறும் இடம் என்று நினைப்பார்களே?

தைப்பிங் ஆசிரியரின் இந்தத் தடையைத் தள்ள முடியாது. தனியாக நிற்கும்போது குழப்பம் வரும். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "இந்தப் பருவத்தில் பினாங்கை ஏறுதுறையாகக் கொண்டு ஓடும் கப்பல்", "லங்காவி அதற்குத் தொடுதுறை மட்டுமே". எனக்கு இடறவில்லை. 'தளத்துறைமுகம்' என்றால் குழப்பம் குறையும், ஆனால் கடற்படை வாடை அடிக்கிறது.

மறுப்பு இருந்தால் ஒரு செய்தி வாக்கியத்தோடு எழுதுங்கள். பயணிகள் மாறும் அந்த ஒரு நாளுக்கும் சொல் வேண்டும். 'ஆள்மாறு நாள்' என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை.