கேப்பிடல் ஃப்ளைட்: ஒரு சொல் போதாது, மூன்று வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

முதலீட்டாளர்கள் பயந்துபோய்ப் பணத்தை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதை ஆங்கிலத்தில் 'கேப்பிடல் ஃப்ளைட்' என்கிறார்கள். அதற்கு அகராதியில் என்ன தமிழ்ச் சொல் போடலாம் என்று இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். மூலதனப் பறப்பு, மூலதன ஓட்டம், மூலதன வெளியேற்றம், மூலதனத் தப்பியோட்டம் என்று நான்கு சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் மேல்நிலை வகுப்புக்குத் தமிழ்வழியில் பொருளியல் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் என் கருத்தையும் வைக்கிறேன். இந்தச் சொல் எங்களுக்கு அடிக்கடி வேண்டியிருக்கிறது. இடதுசாரிகள் ஜெயித்தால் தொழிலெல்லாம் மாநில எல்லையான வாளையார் தாண்டிக் கோயம்புத்தூருக்குப் போய்விடும் என்று தேர்தலுக்குத் தேர்தல் இங்கே யாராவது சொல்வார்கள். மாணவர்களும் அதையே வகுப்பில் வந்து கேட்பார்கள்.

முதலில் வந்திருக்கும் சொற்களைப் பார்த்துவிடுவோம். 'பறப்பு' ஆங்கிலத்தை எழுத்துக்கு எழுத்து பெயர்த்தது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இங்கே தப்பி ஓடுவது என்றுதான் பொருள், பறப்பது இல்லை. 'ஓட்டம்' என்றால் பணம் உள்ளே வருவதையும் குறிக்கும், வெளியே போவதையும் குறிக்கும். 'தப்பியோட்டம்' கைதியைப் பற்றிய செய்தி மாதிரி இருக்கிறது. சட்டப்படி பங்கை விற்றுவிட்டுப் போகிறவரையும் குற்றவாளி ஆக்கிவிடும். மலையாளத்தில் உள்ள 'பலாயனம்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்றார் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் நண்பர். எங்கள் பிள்ளைகளுக்குப் புரியும், சரி. மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் படிப்பவருக்கு?

எனக்குப் பெரிய தயக்கம் 'வெளியேற்றம்' மேல்தான். பலருக்கும் பிடித்த சொல், நாளிதழ்களும் எழுதுகின்றன. ஆனால் கழிவுநீர் வெளியேற்றம், குடியிருப்போர் வெளியேற்றம் என்றெல்லாம் படித்துப் பழகிய கண்ணுக்கு 'மூலதன வெளியேற்றம்' என்றதும் யாரோ பிடித்து வெளியே தள்ளிய மாதிரிதான் படும். அரசு துரத்தியதா, முதலாளி தானாகப் போனாரா என்பதுதானே தேர்தல் சண்டையே? அதற்கான தீர்ப்பைச் சொல்லுக்குள் முன்கூட்டியே வைத்துவிடக் கூடாது. 'வெளியேறல்' என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

ஆனால் அதுவும் பாதி வேலையைத்தான் செய்யும். இடதுசாரி வெற்றிக்குப் பிறகு என்ன ஆகும் என்று கணிக்கிறவர்கள் மூன்று வேறு வேறு நிகழ்ச்சிகளை ஒரே பெயரில் அழைக்கிறார்கள். கணிப்புகள் தவறுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஒன்று, பயத்தில் விற்பது. 2004 மே 13 அன்று மக்களவைத் தேர்தல் முடிவுகள் வந்தன. காங்கிரஸ் கூட்டணி அரசு இடதுசாரிகளின் ஆதரவில்தான் நிற்க முடியும் என்று தெரிந்தது. பொதுத்துறைப் பங்குகளை விற்பதற்கு எதிராக இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ஏ. பி. பரதன் காட்டமாகப் பேசினார். மே 17 திங்களன்று மும்பைப் பங்குச்சந்தைக் குறியீட்டெண்ணான சென்செக்ஸ் 564 புள்ளி, அதாவது சுமார் 11 சதவீதம் விழுந்தது. அன்று வணிகத்தை இரண்டு முறை நிறுத்தவேண்டி வந்தது. அப்புறம் என்ன ஆனது? அதே இடதுசாரிகள் 2008 ஜூலை வரை அந்த அரசைத் தாங்கினார்கள். அவர்கள் ஆதரவு இருக்கும்போதே, 2007 இறுதியில், சென்செக்ஸ் 20,000-ஐத் தொட்டது. மே 17 அன்று 4,505-இல் முடிந்த அதே குறியீட்டெண்தான். அன்று நடந்ததற்கு 'வெளியேறல்' என்று பெயர் வைத்தால், நான்கு மடங்குக்கு மேல் ஏறியதை எப்படி விளக்குவது? 2002-இல் பிரேசிலில் இடதுசாரித் தலைவர் லூலா ஜெயிப்பார் என்ற பேச்சுக்கே அந்நாட்டு நாணயம் ஒரு டாலருக்கு நான்கு ரெயால் அளவுக்குச் சரிந்தது. அவர் பதவிக்கு வந்து, கடனை ஒழுங்காகக் கட்டுவேன் என்ற வாக்கைக் காப்பாற்றியதும் நாணயம் மீண்டது.

இதற்கு 'மூலதன மிரட்சி' என்ற சொல்லை முன்வைக்கிறேன். சந்தைக்கு ஓட்டிப்போகும் மாடு மிரண்டால் கட்டை அறுத்துக்கொண்டு ஓடும். மிரட்சி தெளிந்தால் தானே திரும்பி வரும். 'முதல் மிரட்சி' என்று சுருக்கலாம் என்று தோன்றும். 'முதலுக்கே மோசம்' என்று பேசுகிறவர்கள்தானே நாம். ஆனால் எழுத்தில் அது முதலாவது மிரட்சி என்று படிக்கப்படும். அதனால் மூலதனம் இருக்கட்டும்.

இரண்டாவது, பணம் நிஜமாகவே நாட்டின் எல்லையைத் தாண்டுவது. 1981-இல் பிரான்சில் சோஷலிஸ்ட் கட்சியின் மித்தரான் ஜெயித்த பிறகு நடந்தது இது. பிராங்கின் மதிப்பை 1981-க்கும் 1983-க்கும் இடையில் மூன்று முறை குறைத்தார்கள். 1983-இல் வெளிநாட்டுக்குச் சுற்றுலா போகிறவர் ஆண்டுக்கு 2,000 பிராங்குக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று அரசே கணக்குப் புத்தகம் போட வேண்டியதாயிற்று. கிரேக்கத்தில் 2015 ஜனவரியில் சிரிசா என்ற இடதுசாரிக் கட்சி ஜெயித்தது. ஜூன் 29 அன்று வங்கிகளை மூடி, ஏ.டி.எம்.மில் ஒரு நாளைக்கு 60 யூரோதான் என்றார்கள். இந்த அளவுக்குப் போனால்தான் 'மூலதன வெளியேறல்' பொருந்தும். சொந்த நாணயமோ, வெளியே போகும் பணத்தை மறிக்கும் அதிகாரமோ, இரண்டில் ஒன்றாவது இருக்கும் நாட்டைப் பற்றிய சொல் இது. ஒரு மாநிலத்துக்கு இரண்டும் கிடையாது. வாளையாரில் லாரியை நிறுத்தலாம், வங்கிக் கணக்கை நிறுத்த முடியாது.

மூன்றாவதுதான் எங்கள் ஊருக்கு முக்கியம். யாரும் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. புதிதாகப் போட வரவில்லை, அவ்வளவுதான். இங்கே ஆட்கள் 'நான் இதுல முதல் இறக்க மாட்டேன்' என்பார்கள். போலந்துப் பொருளியலறிஞர் மிகால் கலெட்ஸ்கி 1943-லேயே இதை எழுதினார்: அரசின் போக்கு பிடிக்காவிட்டால் முதலாளிகளுக்கு 'நம்பிக்கை' குறையும், முதலீடு நிற்கும், வேலை குறையும். இதை 'முதலீட்டு மறுப்பு' என்று சொல்லலாம். மறுக்கிறவர் யார் என்பது இந்தச் சொல்லில் தெளிவாக இருக்கிறது.

கேரளத்தைப் பற்றி ஏதாவது பழி சொல்வதானால் இந்த மூன்றாவதைத்தான் சொல்ல முடியும். அதையும் நிதானித்துத்தான் சொல்லவேண்டும். பிளாச்சிமடையை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சித்தூர் தாலுகாதான், பெருமாட்டி பஞ்சாயத்து. கோக்ககோலா ஆலை 2000-இல் அங்கே திறந்தபோது திருவனந்தபுரத்தில் இருந்தது நாயனாரின் இடது அரசு. கிணற்றுநீர் கெட்டது, வற்றியது என்று 2002-இல் ஆதிவாசிக் குடும்பங்கள் போராட்டம் தொடங்கின. 2003-இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றபோது முதல்வர் காங்கிரசின் ஏ. கே. அந்தோணி. இடது ஆட்சியில் வந்த ஆலை காங்கிரஸ் ஆட்சியில் நின்றது, நிறுத்தியது தண்ணீர்ப் பிரச்சினை. இதை எந்தத் தேர்தல் கணிப்பில் சேர்ப்பது? 'இடது வெற்றி, மூலதன வெளியேற்றம்' என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டால், அந்த ஆலைக்குப் பக்கத்திலிருந்து வரும் என் மாணவிக்கு நான் என்ன பதில் சொல்வது?

இன்னொன்றும் இருக்கிறது. வளைகுடாவிலிருந்து வரும் பணம் கேரள வங்கிகளில் குவிகிறது, அதில் ஒரு பங்கு வெளிமாநிலங்களுக்குக் கடனாகப் போகிறது. தமிழ்நாட்டில் கடன்-வைப்பு விகிதம், அதாவது வங்கியில் போட்ட பணத்தோடு ஒப்பிட்டால் கொடுத்த கடன் எவ்வளவு என்பது, 100 சதவீதத்தைத் தாண்டும். கேரளத்தில் அதைவிட வெகுவாகக் குறைவு. எந்த முன்னணி ஆண்டாலும் இதுதான் நிலை. மிரட்சியும் இல்லை, மறுப்பும் இல்லை, வங்கி நடைமுறையில் கசிகிறது. தனிச் சொல் வேண்டியதில்லை, 'வைப்புக் கசிவு' என்று விளக்கமாகச் சொன்னால் போதும்.

கடைசியாக, பொருளாதாரம் அரசியல் இரண்டின் பின்விளைவுக்கும் சேர்த்து 'ஆட்சிமாற்ற அதிர்வு' என்று ஒரே சொல் வைக்கலாம் என்ற முன்மொழிவு. இதை நான் ஏற்கவில்லை. 1957 ஏப்ரல் 5 அன்று பதவியேற்ற இ. எம். எஸ். நம்பூதிரிபாடின் கேரளக் கம்யூனிஸ்ட் அரசு ஆறே நாளில் குடியானவர்களை நிலத்திலிருந்து இறக்குவதற்குத் தடை போட்டது. அதே அரசுதான் பிர்லாவை அழைத்து, மாவூரில் ரேயான் ஆலை வைக்க மூங்கிலை மலிவாகத் தர ஒப்பந்தம் போட்டது. தொழிலதிபர்களை அது விரட்டவில்லை. கல்விச் சட்டமும் நிலச்சட்டமும்தான் விமோசன சமரம் என்று அந்த அரசுக்கு எதிராக நடந்த போராட்டத்தைக் கிளப்பின. சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருந்தும் 1959 ஜூலை 31 அன்று அரசியலமைப்பின் 356-ஆம் பிரிவில் மத்திய அரசு அதைக் கலைத்தது. பொருளாதாரப் பின்விளைவு ஒரு திசையிலும் அரசியல் பின்விளைவு வேறு திசையிலும் போனதை ஒரே சொல்லில் அடைத்தால் இரண்டுமே தெரியாமல் போகும்.

ஆகவே அகராதிப் பதிவுக்கு மூலதன மிரட்சி, மூலதன வெளியேறல், முதலீட்டு மறுப்பு மூன்றையும் தனித்தனித் தலைச்சொற்களாக வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலச் சொல்லுக்கு நேராக இரண்டாவதைப் போட்டு, மற்ற இரண்டையும் ஒப்புநோக்காகக் காட்டலாம். 'மறுப்பு'க்குப் பதிலாக 'முடக்கம்' போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கணக்கு முடக்கம், சொத்து முடக்கம் எல்லாம் அரசு செய்வது. இங்கே செய்வது முதலாளி. அதனால் வேண்டாம். அதைவிட நல்ல சொல் ஈழ வழக்கில் ஏதாவது இருந்தால் யாழ்ப்பாண நண்பர்கள் எழுதுங்கள்.