டிஸ்க் 100% நிரம்பிவிட்டது என்கிறது, எண்ணினால் 28 ஜிபிதான் வருகிறது. உதவி தேவை

கேட்டவர், தண்டையார்பேட்டை:
வணக்கம். தம்பு செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் (சுங்கத்தில் சரக்கை விடுவிக்கும் முகவர்) ஆபீஸின் டெபியன் லினக்ஸ் சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி சுங்கப் படிவம்), இன்வாய்ஸ் ஸ்கேன் எல்லாம் இரண்டாவது டிஸ்கில் இருக்கிறது. ராத்திரி 1 மணிக்கு கிரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்குவது) ஓடி, ஆர்சிங்க் என்ற நகல் புரோகிராம் அதை யூஎஸ்பி ஹார்ட் டிஸ்குக்கு நகல் எடுக்கும். இன்று காலையிலிருந்து பிரிண்ட்கூடப் போகவில்லை. டிஎஃப் கட்டளை போட்டால், சிஸ்டம் இருக்கும் 100 ஜிபி ரூட் பார்ட்டிஷன் முழுக்க நிரம்பியிருக்கிறது. ஃபைல் அளவுகளைக் கூட்டும் டியூ கட்டளை போட்டால் ரூட்டில் 28 ஜிபிதான். மீதி எங்கே? மதியத்துக்குள் சரியாகணும், ஃபைலிங் நிற்கிறது.

பெரம்பூர்:
அழித்த லாக் ஃபைலை ஏதாவது புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கலாம். பெயர் போய்விடும், இடம் போகாது. திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் போட்டு 'டிலீட்டட்' என்று வருவதைப் பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன், சில எம்பிதான். அது இல்லை.

திருவொற்றியூர்:
தம்பி, நேற்று கரண்ட் போய் சர்வர் ரீபூட் ஆச்சா? எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது இணைக்க வேண்டிய டிஸ்குகளின் பட்டியல்) அந்த யூஎஸ்பி டிஸ்குக்கு நோஃபெயில் போட்டிருக்கீங்களா?

கேட்டவர்:
ஆமாம் அண்ணா, ரெண்டுமே. டிஸ்கின் அடாப்டர் சுவிட்ச் அணைந்து கிடந்தது. காலையில் வந்ததும் போட்டு மவுண்ட் செய்தேன் (டிஸ்கை அதன் டைரக்டரியில் இணைத்தேன்).

திருவொற்றியூர்:
அப்போ அதுதான். நோஃபெயில் இருந்ததால் டிஸ்க் இல்லாமலே பூட் ஆகியிருக்கு. மேலே டிஸ்க் இல்லாத மவுண்ட் பாயின்ட் வெறும் டைரக்டரி. ஆர்சிங்க் ராத்திரி முழுக்க அதில், அதாவது ரூட்டிலேயே, எழுதித் தள்ளியிருக்கு. காலையில் நீங்க மவுண்ட் செய்ததும் எல்லாம் அடியில் மறைஞ்சிடுச்சு. டியூ தன் கண்ணில் படும் ஃபைல்களைத்தான் கூட்டும். டிஎஃப் பார்ட்டிஷனில் செலவான பிளாக் கணக்கைச் சொல்லும்.

யூமவுண்ட் செய்து (அந்த இணைப்பை எடுத்து) அதே டைரக்டரிக்குள் பாருங்க. அழிக்கும் முன் யூமவுண்ட் நிஜமாகவே ஆச்சா என்று ரெண்டு தடவை பார்த்துக்கோங்க. ஆகாமல் ஆர்எம் (அழிக்கும் கட்டளை) அடிச்சா போவது உண்மையான பேக்கப்.

கேட்டவர்:
70 ஜிபிக்கு மேல் இருந்தது அண்ணா! அழித்ததும் பிரிண்ட் போகுது. மறுபடி வராமல் இருக்க?

திருவொற்றியூர்:
ஸ்கிரிப்டில் முதலில், டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கா என்று பார்க்கும் மவுண்ட்பாயின்ட் கட்டளை, அது சரி என்றால் மட்டும் ஆர்சிங்க். டிஸ்க் கழற்றியிருக்கும்போது அந்த வெற்று டைரக்டரிக்கு சிஹெச்அட்டர் பிளஸ் ஐ கொடுத்திடுங்க, ரூட் யூசராலும் அதில் எழுத முடியாது. மூலமான அந்த இரண்டாவது டிஸ்குக்கும் அதே மவுண்ட் சோதனை போடுங்க. எனக்கு அதுதான் பெரிய பயம்: டேட்டா டிஸ்க் மவுண்ட் ஆகாத ராத்திரியில் டிலீட் ஆப்ஷனோட ஆர்சிங்க் ஓடினால், மூலம் காலி என்று நினைச்சு பேக்கப்பையும் காலி செய்திடும்.

பெரம்பூர்:
ஒரே மேசையில் ரெண்டையும் வைக்காதீங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் எங்க தரைத்தளத்தில் சர்வரும் பேக்கப் டிஸ்கும் ஒரே தண்ணீரில் போச்சு. எஸ்எஸ்ஹெச் (பாதுகாப்பான நெட்வொர்க் இணைப்பு) வழியாக இன்னொரு நகல் வெளியே போகட்டும்.

கேட்டவர்:
அடாப்டரை யூபிஎஸ்ஸில் செருகிவிட்டேன், ரெண்டு சோதனையும் ஸ்கிரிப்டில் போட்டாச்சு. பேக்கப்பிலிருந்து போன மாத இன்வாய்ஸ் ஒன்றை எடுத்துத் திறந்து பார்த்தேன், சரியாக வந்தது. வெளி நகலுக்கு முதலாளியிடம் இன்றைக்கே பேசுகிறேன். ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.