கலைச்சொல் விவாதம்: ‘அங்கீகாரப் பிழை’ என்னும் சொல்லைக் கைவிடலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இணையவழித் தொலைச்செயல் அழைப்புகளில் (ஒரு கணினி, வேறொரு கணினியில் உள்ள செயலை இயக்கச் சொல்லிக் கேட்பதில்), அழைப்பவர் யார் என்பது உறுதியாகாதபோது எழும் பிழைக்கு என்ன பெயரிடலாம் என்ற கேள்விக்கு, இதுவரை வந்த மடல்களில் ‘அங்கீகாரப் பிழை’, ‘ஏற்பளிப்புத் தோல்வி’, ‘அத்தாட்சிப்படுத்தல் வழு’ என மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் மறுத்து நான்காவதாக ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்பதால், முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பால் கொள்முதல் நிலையங்களில் பயன்பட்ட ஒரு செயலியின் திரைச்செய்திகளைத் தமிழாக்கியவன் நான். ஒரு நாள் விடியற்காலையில், கேன்களோடு வந்தவர்கள் வரிசையில் நிற்கும்போது, நிலையத்தின் கைக்கணினியில் ‘அங்கீகாரம் மறுக்கப்பட்டது’ என்ற செய்தி வந்திருக்கிறது. அதைப் படித்த கணக்கர், தம்மை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றே எண்ணி, சங்கச் செயலாளரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி நியாயம் கேட்டிருக்கிறார். நடந்தது வேறு. முந்தைய இரவு மின்கலம் முற்றிலும் தீர்ந்து அணைந்த கருவியின் கடிகாரம் மறுநாள் இரண்டு மணி நேரம் பின்தங்கி ஓடியது. அந்தக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக் கருவி கையொப்பமிட்டு அனுப்பிய வில்லை (டோக்கன் எனப்படும் மின்னணு அடையாளச் சீட்டு), வழங்கியை (சர்வரை) அடையும்போதே காலாவதியாகியிருந்தது. ‘நீ யார் என்பது எனக்கு உறுதியாகவில்லை’ என்று வழங்கி சொன்னதை, ‘உனக்கு இங்கே இடமில்லை’ என்று நான் மொழிபெயர்த்திருந்தேன். கடிகாரத்தைத் திருத்தியதும் பதிவு நடந்துவிட்டது என்றாலும், கணக்கரின் கோபம் தணிய அதைவிட நேரம் பிடித்தது.

இந்தக் குழப்பத்தை நாம் புதிதாக உண்டாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இணைய உலாவிகளும் வழங்கிகளும் பேசிக்கொள்ளும் எச்.டி.டி.பி. நெறிமுறையின் 401 என்னும் விடையெண்ணுக்கு 1990-களிலேயே சூட்டப்பட்ட ஆங்கிலப் பெயருக்கு, நேராகப் பார்த்தால், ‘உரிமை அளிக்கப்படாதது’ என்றுதான் பொருள். அந்த எண் உணர்த்துவதோ, செல்லத்தக்க அடையாளச் சான்று அழைப்போடு வரவில்லை என்பதை. உண்மையில் உரிமை இல்லாதவருக்கு உரியது 403. நெறிமுறையின் இன்றைய வரையறையான, 2022-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 9110 என்னும் இணைய நெறிமுறை ஆவணத்திலும் அந்தப் பெயர் அப்படியே இருக்கிறது. பரவிவிட்ட பெயரை யாராலும் திரும்பப் பெற முடியவில்லை. அவர்கள் கைதவறி வைத்த பெயரை நாம் கவனமாக மொழிபெயர்த்துச் சுமக்க வேண்டிய தேவை என்ன? தமிழில் இந்தச் சொல் இன்னும் இறுகவில்லை என்பது நமக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு.

வேறுபாடு நுட்பமானது, பொதுப் பயனருக்குப் புரியாது என்று ஒரு மடலில் எழுதப்பட்டிருந்தது. நியாயவிலைக் கடைக்குப் போய்வந்த எவருக்கும் அது புரியும் என்பேன். விற்பனை முனைக் கருவியில் விரலை வைத்து எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடியும் வைத்து, ‘ரேகை விழலைம்மா, வேற விரல வைங்க’ என்று கடைக்காரர் சொல்வது ஒன்று. ரேகை சரியாக விழுந்தபின், ‘இது சர்க்கரை அட்டை, இதுக்கு அரிசி வராது’ என்று சொல்வது முற்றிலும் வேறு. முன்னதைக் கேட்டவர் வேறு விரலை நீட்டுவார். பின்னதைக் கேட்டவர் பத்து விரலையும் நீட்டினாலும் பயனில்லை என்று அறிந்து வீட்டுக்குப் போவார். முதலாவது 401, இரண்டாவது 403. இந்த இரண்டு சூழலிலும் கடைக்காரர் ‘அங்கீகாரம் இல்லை’ என்றே சொன்னால் வரிசை நகருமா என்று யோசித்துப் பாருங்கள்.

இனி முன்வைக்கப்பட்ட சொற்களுக்கு வருகிறேன். ‘அங்கீகாரம்’ என்பது நம் நாட்டு வழக்கில் ஒப்புதல், ஏற்பு, தகுதி வழங்கல் ஆகிய பொருள்களில் வேரூன்றிய சொல். ‘அங்கீகாரம் பெற்ற பள்ளி’, ‘அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு’ என்னும்போது யாரும் அடையாளத்தை நினைப்பதில்லை. ஆதார் தொடர்பான செய்திகளில் அச்சொல் அடையாளச் சரிபார்ப்புக்கும் ஆளப்படுகிறது என்பது உண்மைதான். இரண்டு பொருளுக்கும் ஆளப்படுவதுதான் சிக்கலே. ‘ஏற்பளிப்பு’ பார்க்க அழகாக இருந்தாலும், எதை ஏற்பது என்ற கேள்வியைத் திறந்தே வைக்கிறது: ஆளையா, அவர் கேட்டதையா? ‘அத்தாட்சிப்படுத்தல்’ இலங்கை அலுவலக வழக்கில் உயிரோடு இருக்கும் சொல் என்பதால் அதை எளிதில் ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அங்கும், ஓர் ஆவணத்தின் உண்மைத்தன்மைக்கு இன்னொருவர் ஒப்பமிடுவதையே அது முதன்மையாகக் குறிக்கிறது. தமிழ்நாட்டில் அதைச் ‘சான்றொப்பம்’ என்கிறோம். இங்கே நமக்கு வேண்டியது, வந்திருப்பவர் தாம் சொல்லிக்கொள்ளும் அவரேதானா என்பது.

எனவே என் முன்மொழிவு ‘அடையாள உறுதி’. அது கிடைக்காதபோது ‘அடையாள உறுதிப் பிழை’. உரிமை தொடர்பானதற்கு ‘உரிமை மறுப்பு’.

‘ஆளறி’, ‘ஆளுறுதி’ என்று இன்னும் குறுக்கலாமே என்று கேட்பவர் இருப்பார்கள். ‘ஆள்மாறாட்டம்’ என்ற அருமையான சொல் கையில் இருக்கும்போது அதற்கு எதிர்ச்சொல்லாக ‘ஆளுறுதி’ பொருந்தும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் தொலைச்செயல் அழைப்பில் அழைப்பவர் பெரும்பாலும் ஆளே அல்லர். நள்ளிரவில் கணக்கு முடிக்கும் ஒரு நிரல், இன்னொரு வழங்கியில் இருக்கும் நிரலை அழைக்கிறது. நிரலுக்கு அடையாளம் உண்டு, ஆள்தன்மை இல்லை. மேலும், ஒரு கலைச்சொல் பெயராக மட்டும் நின்றால் போதாது, திரையில் வாக்கியமாக விரியவும் வேண்டும் என்பது என் அளவுகோல். ‘உங்கள் அடையாளம் உறுதியாகவில்லை’, ‘அடையாளம் உறுதியாகாத அழைப்பு’, ‘அடையாளத்தை மீண்டும் உறுதிசெய்க’ என்று இந்தச் சொல் எளிதாக வளைகிறது. ‘நீங்கள் ஏற்பளிக்கப்படவில்லை’ என்ற செய்தியை எந்தக் கணக்கருக்கும் நான் காட்ட மாட்டேன்.

ஒன்றைப் ‘பிழை’ என்றும் மற்றொன்றை ‘மறுப்பு’ என்றும் பிரித்தது சீரற்றதாகத் தோன்றலாம். வேண்டுமென்றே செய்தது அது. அடையாள உறுதிப் பிழை சரிசெய்யத்தக்கது: 401 விடையோடு, எந்த வகைச் சான்றைக் காட்ட வேண்டும் என்ற தகவலையும் வழங்கி கட்டாயம் அனுப்ப வேண்டும், அழைப்பவர் புதிய சான்றோடு மறுபடி முயலலாம். 403-ஐப் பெற்றவரோ, அதே சான்றோடு தானியங்கியாக மறுபடி முயலக்கூடாது என்கிறது வரையறை. வில்லைகளின் பயன்பாட்டை வரையறுத்து 2012-இல் வந்த ஆர்.எஃப்.சி. 6750-உம் இதே கோட்டைப் பின்பற்றி, காலாவதியான அல்லது கெட்டுப்போன வில்லைக்கு 401 என்றும், வில்லை நல்லதாக இருந்தும் அது தரும் உரிமையின் எல்லை போதாதபோது 403 என்றும் பிரிக்கிறது. கூகுள் 2015-இல் வெளியிட்ட ஜி-ஆர்.பி.சி. என்னும் தொலைச்செயல் சட்டகம் 0 முதல் 16 வரையிலான தன் நிலை எண்களில் உரிமை மறுப்புக்கு 7-ஐயும், உறுதியாகாத அடையாளத்துக்குக் கடைசி எண்ணான 16-ஐயும் வைத்திருக்கிறது. அழைப்பவர் யாரென்று அறிய முடியாத நிலையில் 7-ஐப் பயன்படுத்தவே கூடாது என்ற எச்சரிக்கையும் அதன் விளக்கத்தில் உண்டு. நிரலர் தமிழ்ப் பெயரைப் படித்த உடனே, மறுபடி முயல்வதா நிறுத்துவதா என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

எல்லா நெறிமுறையும் இவ்வளவு ஒழுங்கானவை அல்ல. 1998-இல் தோன்றிய எக்ஸ்.எம்.எல்-ஆர்.பி.சி. என்னும் தொலைச்செயல் நெறிமுறை, கீழ்மட்டக் கோளாறு ஏதும் இல்லாதவரை எச்.டி.டி.பி. அளவில் எப்போதும் 200, அதாவது ‘சரி’, என்றே விடையளிக்கச் சொல்லிவிட்டு, பழுதை உள்ளே ஓர் எண்ணாகவும் ஒரு சொற்றொடராகவும் வைக்கிறது. எண்கள் எவை என்பது செயல்படுத்துபவரின் விருப்பம். அந்த விருப்பம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வலைத்தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் ஓர் எடுத்துக்காட்டு: அதன் எக்ஸ்.எம்.எல்-ஆர்.பி.சி. வாயிலில் கடவுச்சொல்லைத் தவறாகத் தந்தால், பழுதெண்ணாக 403 வருகிறது, கூடவே ‘பயனர்பெயரோ கடவுச்சொல்லோ தவறு’ என்ற செய்தியும் வருகிறது. எண் ஒன்றைச் சொல்ல, வாசகம் வேறொன்றைச் சொல்கிறது. (எது தவறு என்று பிரித்துச் சொல்லாமல் விட்டது மட்டும் சரி, பிரித்துச் சொன்னால், எந்தப் பெயரில் கணக்கு இருக்கிறது என்பதைத் திருடனுக்கு நாமே காட்டிக்கொடுப்போம்.) அதே வகை நெறிமுறையான ஜேசன்-ஆர்.பி.சி. 2.0-உம் அடையாளத்துக்கென எந்த எண்ணையும் ஒதுக்கவில்லை; -32000 முதல் -32099 வரை வழங்கிகள் தாமே வரையறுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறது. ஒருவர் -32001 என்பார், இன்னொருவர் -32050 என்பார். எண் பொதுவாக இல்லாத இடத்தில் பொருளைச் சுமப்பது செய்தி வாசகம் ஒன்றுதான். நம் சொல் பிசகினால் அங்கே ஈடுகட்ட வேறு எதுவும் இல்லை.

பல அழைப்புகளை ஒரே தொகுப்பாக அனுப்பும்போது இன்னொரு நுட்பம் சேர்கிறது. 401 வந்தால் தொகுப்பு முழுவதும் வாசலிலேயே நின்றுவிட்டது என்று பொருள். உரிமை மறுப்போ, பத்து அழைப்புகளில் ஏழாவதற்கு மட்டும் வரலாம். நேரம் கடந்துபோனதால் விடை கிடைக்காத அழைப்பில், செயல் நடந்ததா இல்லையா என்றே தெரியாமல் தவிக்கிறோமே, அந்தத் தவிப்பு இங்கே இல்லை: அடையாளம் உறுதியான பின்பே செயலுக்குள் விடும் வழங்கியில், இந்தப் பிழை வந்தால் செயல் தொடங்கவே இல்லை. அதனால்தான் பால் பதிவை அச்சமின்றி மறுபடி அனுப்ப முடிந்தது. ஒரே பால் இரண்டு முறை கணக்கில் ஏறவில்லை. ‘வாசற்பிழை’ என்றுகூடப் பெயர் வைக்கத் தோன்றியது. வழங்கி நிரம்பிவழியும்போதும் வாசலில்தான் நிறுத்துவார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

உலகளாவிய வலைக்கு முந்தைய முன்மாதிரி ஒன்றையும் பாருங்கள். 1988-இல் ஆர்.எஃப்.சி. வடிவில் வெளிவந்த சன் நிறுவனத்தின் தொலைச்செயல் நெறிமுறை, அழைப்பு ‘மறுக்கப்பட்டது’ என்ற விடைக்குள் அடையாளப் பிழையை ஒரு கிளையாக வைத்து, அதற்குள் ஐந்து காரணங்களை எண்ணிட்டிருந்தது. முதல் காரணத்துக்குப் பக்கத்தில் எழுதிய குறிப்பு ‘முத்திரை உடைந்தது’. இரண்டாவதற்கு ‘புதிய அமர்வைத் தொடங்க வேண்டும்’. நான்காவதற்குக் ‘காலாவதியானது அல்லது மறுபடி அனுப்பப்பட்டது’. முத்திரை உடைந்த ஓலையை வாங்க மறுக்கும் அரண்மனைக் கணக்கனை அப்படியே கண்முன் நிறுத்துகிறது அந்தக் குறிப்பு. அவர்களே அதை மறுப்புக்குள் வைத்திருக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே நெறிமுறைப் பதிப்பு பொருந்தாமல் போவதும் அதே மறுப்பின் இன்னொரு கிளை என்பதால், அது உரிமையைப் பற்றிய தீர்ப்பு அல்ல, அழைப்பு உள்ளே எடுத்துக்கொள்ளப்படவில்லை என்பது மட்டுமே.

‘வில்லை’ மருந்துக்கடையை நினைவூட்டுகிறது, ‘டோக்கன்’ என்றே இருக்கட்டும் என்ற மடலுக்கு ஒரு வார்த்தை. பழைய அரசுக் கச்சேரிகளில் (அலுவலகங்களில்) சேவகர்கள் மார்பில் அணிந்த பித்தளைப் பட்டயத்துக்கும் வில்லை என்றே பெயர். ‘வில்லைச் சேவகன்’ என்பது அகராதியேறிய சொல். அணிந்தவன் யாராயினும் வில்லையைப் பார்த்து வழிவிடுவார்கள் என்பதால், கையில் வைத்திருப்பவரையே உரியவராகக் கொள்ளும் இன்றைய வில்லைக்கு, அதன் ஆபத்தையும் சேர்த்து, இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. பேச்சில் ‘டோக்கன்’ என்பவரைத் திருத்தப் போவதில்லை. திரைச்செய்தியில் ‘வில்லை காலாவதியானது’ என்று எழுதலாம்.

எனக்கே நிறைவு தராத இடம் 407. இடையில் நிற்கும் பதிலி வழங்கி அடையாளம் கேட்கும் நிலை அது. ‘பதிலிக்கு அடையாள உறுதி தேவை’ என்று எழுதினால், பதிலியின் அடையாளம்தான் உறுதியாக வேண்டும் என்று படித்துவிட இடமிருக்கிறது. ‘பதிலி வழங்கி உங்கள் அடையாளத்தைக் கேட்கிறது’ என்பதை இப்போதைக்குக் கோப்பில் இட்டிருக்கிறேன். குறுக்கத் தெரிந்தவர்கள் குறுக்கித் தாருங்கள்.

அன்புடன்.